குனிந்தால் ஒரு பக்க மூக்கில் மட்டும் நீர் சொட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 84 கிலோ. நான்கு மாதங்களாக, காலையில் வாசலில் குனிந்து கோலம் போடும்போது வலது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒவ்வாமைக்கான மாத்திரையாலும் ஸ்பிரேயாலும் பயனில்லை. பல ஆண்டுகளாக இருந்த தலைவலி மட்டும் இப்போது குறைந்திருக்கிறது. தலையில் அடிபட்டதில்லை. இது மூளை நீராக இருக்கலாம், எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழல்) மூலம் அடைக்க வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். மண்டையைத் திறப்பார்களா? சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான், அதாவது தலைவலி குறைந்துவிட்டது என்பதுதான், என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். சிலருக்கு, குறிப்பாக உடல் எடை கூடுதலாக உள்ள நடுத்தர வயதுப் பெண்களுக்கு, மண்டைக்குள் இந்த நீரின் அழுத்தம் காரணம் தெரியாமலே உயர்ந்து, பல ஆண்டுகள் தலைவலியாகவும் காதில் நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சலாகவும் வெளிப்படும். மூக்கின் கூரையாக அமைந்த எலும்பு, சில இடங்களில் முட்டை ஓட்டைப்போல மெல்லியது. இடைவிடாத அழுத்தத்தால் அது தேய்ந்து ஓட்டை விழுந்தால், நீர் கசியத் தொடங்கும், அழுத்தம் தணியும், தலைவலியும் குறையும். குக்கரில் வால்வு திறந்துகொண்டதைப் போன்ற நிலை இது; ஆகவே இந்த நிம்மதியைக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு கவனிக்கலாம். சளி பட்ட கைக்குட்டை காய்ந்ததும் கஞ்சி போட்டதுபோல விறைத்துவிடும். மூளை நீர் பட்டது தண்ணீரில் நனைந்து காய்ந்த துணியைப்போல மிருதுவாகவே இருக்கும். நீர் தொண்டைக்குள் இறங்கும்போது உப்புக் கரிப்பதாகவும் பலர் சொல்வார்கள். எனினும் முடிவு செய்ய வேண்டியது ஆய்வகம்தான். சொட்டும் நீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து, பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் உள்ளதா என்று பார்ப்பார்கள். அது மூக்குச் சளியிலோ கண்ணீரிலோ இருப்பதில்லை. முன்பு வழக்கத்தில் இருந்த சர்க்கரைப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம், ஏனெனில் சளியிலும் கண்ணீரிலும்கூடச் சர்க்கரை காணப்படலாம். ஓட்டை எங்கே என்பதை மிக நுண்ணிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேனும், மூளைச்சவ்வோ மூளைத் திசுவோ அதன் வழியே இறங்கியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.யும் காட்டும்.

பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விபத்தில் அடிபட்டு ஏற்படும் கசிவுகளில் பல, படுக்கை ஓய்விலேயே ஓரிரு வாரத்தில் அடைபட்டுவிடும். தானாக ஏற்பட்ட கசிவு அப்படி மூடிக்கொள்வது அரிது. நீர் வெளியே வரும் வழியாகவே மூக்கிலுள்ள கிருமிகள் உள்ளே போய் மூளை உறை அழற்சியை உண்டாக்க முடியும் என்பதால், கசிவு உறுதியான பின் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். இடையில் கடுங்காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்னெச்சரிக்கை என்று கருதி நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க வேண்டாம். மூளை உறை அழற்சியை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மண்டையைத் திறக்க வேண்டிய தேவை உங்களுக்கு ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. 1926-இல் வால்ட்டர் டேண்டி என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டையைத் திறந்துதான் இத்தகைய கசிவை முதலில் அடைத்தார். அந்த வழியில் மோப்ப உணர்வை இழக்கும் அபாயம் உண்டு. 1980-களில் தொடங்கிய எண்டோஸ்கோப் முறையில் முழு மயக்கம் கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாகவே சென்று, ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வை அகற்றி, தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த கொழுப்பு அல்லது தசையுறையை வைத்து அடைத்து, மேலே மூக்கின் நடுச்சுவரிலிருந்து இரத்த ஓட்டத்தோடு பெயர்த்த சவ்வைப் போர்த்துகிறார்கள். முகத்தில் தழும்பு இருக்காது. முதல் முயற்சியிலேயே பத்தில் ஒன்பது பேருக்குக் கசிவு நின்றுவிடுகிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு மறுபடி கசிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஒட்டுப்போட்ட விதத்தைவிட, பழைய அழுத்தம் அப்படியே நீடிப்பதுதான். வால்வை மூடியபின் அழுத்தம் எங்கே போகும்? எனவே அறுவைக்குப் பின் அழுத்தத்தால் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அழுத்தத்தை அளந்து தேவையெனில் மூளை நீர் சுரப்பதைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை தருவார்கள், எடையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. முதல் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். முக்க நேராதபடி மலச்சிக்கலுக்கு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே கூடாது. வாசலில் குனிந்து கோலம் போடும் வேலையையும் மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.