தனித்தொட்டியில் க்ளவுன் மீனுக்கு வெள்ளைப் பூச்சு, வேக மூச்சு: என்ன மருந்து போடுவது?

கேள்வி: மூன்று நாள் முன்பு வாங்கிய க்ளவுன் மீனை 40 லிட்டர் தனித்தொட்டியில் வைத்திருக்கிறேன். உடம்பில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது, நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. கடையில் வெள்ளைப்புள்ளி மருந்து என்று ஒரு நீலப் பாட்டில் கொடுத்தார்கள். போடலாமா?

பதில்:

இப்போதைக்கு அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். வெள்ளைப்புள்ளி மருந்து என்று கடைகளில் தரும் நீலத் திரவம் பெரும்பாலும் மெத்திலீன் புளூவோ மலகைட் கிரீனோ கலந்த நன்னீர் மீன் மருந்து. தங்கமீனுக்கு வெள்ளைப்புள்ளி தரும் கிருமி வேறு, கடல் மீனுக்குத் தரும் கிருமி வேறு. கடை அண்ணனைக் குறை சொல்லவில்லை, அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்னீர்த் தொட்டிக்காரர்கள்தான்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் நான் முதலில் பார்ப்பது மூச்சை. புள்ளியைக் கண்டுதான் எல்லோரும் பதறுகிறோம். ஆனால் கடல் மீனை இரண்டு நாளில் சாகடிக்கும் நோய்கள் செவுளில்தான் வேலையைக் காட்டுகின்றன, தோலில் தெரிவது அதன் ஓரம்தான்.

ஆகவே மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அம்மோனியா பாருங்கள். புதுத் தொட்டி, மூன்று நாள், அநேகமாகப் பழகாத ஃபில்டர், அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இன்னும் வளராதது. இந்த நிலையில் மீன் மூச்சு வாங்கினால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம் இருக்கும். அந்த பிஎச்சில் அம்மோனியாவின் விஷப் பகுதி, பிஎச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். டெஸ்ட் கிட்டில் நிறம் மாறினால், அதே உப்பளவு, அதே வெப்பநிலையில் கலந்து வைத்த தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். கூடவே இன்னொரு ஏர் ஸ்டோன் (காற்றுக்குமிழி விடும் கல்) போடுங்கள். 30 டிகிரியில் கடல்நீர் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான். நோயாளி மீனுக்கு அது இழுபறி. சென்னை வெயில் என்றால் ஹீட்டரைக் கழற்றிவிட்டு மேலே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

தண்ணீர் மாற்றி ஒரு மணி நேரத்தில் மூச்சு தணிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தணியவில்லையா? அப்போது மீனைப் பார்க்க உட்காருங்கள்.

பார்க்க ஒரு முறை இருக்கிறது. தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள், அறையும் மங்கலாக இருக்கட்டும். செல்போன் டார்ச்சைக் கண்ணாடிக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து, மீனின் உடம்பை உரசிக்கொண்டு வெளிச்சம் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத மீன், சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆரஞ்சுப் பகுதியைப் பாருங்கள். க்ளவுன் மீனின் வெள்ளைப் பட்டையில் எதுவும் கண்ணுக்குப் படாது. பட்டையின் கறுப்பு ஓரமும் முதுகுத் துடுப்பும் நல்ல இடங்கள். அப்புறம் செவுள் மூடி திறந்து மூடுவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் மீனுக்கு 100ஐத் தாண்டுவது நல்லதில்லை. வாயை மூடாமலே 140, 150 என்று போனால் விடியும்வரை காத்திருக்க முடியாது.

தனித்தனியாக எண்ணக்கூடிய, சற்று மேடான, அரை மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகள் என்றால் அது கடல் வெள்ளைப்புள்ளி, கிரிப்டோகேரியான். விபூதியைத் தூவிவிட்டதுபோல எண்ணவே முடியாத நுண்ணிய தூள், மீன் பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டார்) ஓட்டத்தில் முகத்தைக் கொடுத்து நிற்கிறது, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறது என்றால் வெல்வெட், அதாவது அமைலூடினியம். புள்ளியே இல்லாமல் திட்டுத் திட்டாக வெளுத்து, கொழகொழவென்ற சளி தோலிலிருந்து இழை இழையாகத் தொங்கினால் புரூக்ளினெல்லா.

நீங்கள் “புள்ளி” என்று எழுதாமல் “வெள்ளையாக ஏதோ” என்று எழுதியிருக்கிறீர்கள். மீனோ க்ளவுன். வாங்கி மூன்றே நாள். இதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் புரூக்ளினெல்லா மேல்தான், இதற்கு க்ளவுன் மீன் நோய் என்றே இன்னொரு பெயர் உண்டு. மீன் கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடையில் கேட்டீர்களா? மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆனாலும் மன்னார் வளைகுடாப் பக்கத்து செபே க்ளவுன் மாதிரி கடலில் பிடித்தவையும் கடைக்கு வரத்தான் செய்கின்றன. பிடித்த மீனில், அதுவும் நெருக்கமாக அடைத்துப் பயணம் செய்த மீனில், புரூக்ளினெல்லா அதிகம்.

புரூக்ளினெல்லாவுக்குத் தாமிர மருந்து வேலை செய்யாது. இதைத் தெரியாமல் தாமிரம் போட்டுவிட்டுக் காத்திருந்தே பல க்ளவுன் மீன்கள் போய்விடுகின்றன. இதற்கு ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசலில் குளியல். லேப் கெமிக்கல் கடையில் 37 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பாட்டில் வேண்டாம், அந்தப் படிவு மீனுக்குக் கடும் விஷம். பக்கெட்டில் 10 லிட்டர் புதுக் கடல்நீர், தொட்டியின் அதே உப்பளவும் வெப்பமும். நம் ஊர் வெப்பத்துக்கு 1.5 மில்லி போதும், சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். ஃபார்மலின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதனால் மீனை விடுவதற்கு முன்பே இரண்டு ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 30 நிமிடம், அதிகபட்சம் 45. முழு நேரமும் பக்கத்திலேயே இருங்கள். மீன் சாய்ந்தாலோ, மேலே வந்து காற்றைக் குடித்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். குளியல் முடிந்ததும் பழைய தண்ணீருக்குத் திருப்பி அனுப்பாமல், கழுவிக் காயவைத்த தொட்டியில் புதுத் தண்ணீரில் விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதையே மொத்தம் மூன்று முறை. உங்களுக்கும் கவனம் வேண்டும்: கையுறை, திறந்த ஜன்னல், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாட்டில் பூட்டிய அலமாரியில். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள், இதில் அலட்சியம் கூடாது.

இன்று இரவுக்குள் ஃபார்மலின் கிடைக்காது என்றால் நன்னீர்க் குளியல் கொஞ்சம் மூச்சு தரும். குளோரின் இல்லாத ஆர்.ஓ தண்ணீர், அரை மணி காற்றோட்டம், ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு பிஎச்சை 8க்கு மேல் கொண்டுவந்து, வெப்பநிலையைச் சமமாக்கி, ஐந்து நிமிடம். குணப்படுத்தாது, நேரம் வாங்கித் தரும். இன்னொரு லாபமும் உண்டு. கறுப்பு டப்பாவில் செய்தால், மீன் மேல் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருந்த தட்டைப்புழுக்கள் வெளுத்து உதிர்ந்து அடியில் கிடப்பது தெரியும். அப்படித் தெரிந்தால் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டைகள் அதில் சாகாது, ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை. நாய்க்குக் கொடுக்கும் புழு மாத்திரை பலவற்றில் வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அதைக் கரைத்துவிடாதீர்கள்.

டார்ச்சில் தெரிந்தது தூள் என்றால் தாமிரம், அதுவும் உடனே. வெல்வெட் ஒரு நாள் அவகாசம்கூடத் தராது. கைவசம் கடல் மீனுக்கான தாமிர மருந்து இல்லையென்றால் ஆய்வகத் தரமுள்ள மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போதும். உரக்கடையில் விற்பது வேண்டாம். 1 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் கால் மில்லிகிராம் தாமிரம் இருக்கும். உங்கள் 40 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் என்ற அளவுக்கு வர ஏறக்குறைய 31 மில்லி. பாதியை இன்றும் மீதியை நாளையும் ஊற்றி, தினமும் தாமிர டெஸ்ட் கிட்டில் பார்த்து 0.15க்கும் 0.20க்கும் நடுவில் ஒரு மாதம் நிறுத்துங்கள். கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும், மேலே போனால் மீன் சாகும். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் பாறை), பவள மணல் எதுவும் தொட்டியில் கூடாது, தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிய பிவிசி எல்போ போதும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களையும் தாமிரம் இருக்கும்போது ஊற்றாதீர்கள், தாமிரம் இன்னும் கடுமையான வடிவத்துக்கு மாறிவிடும். காப்பர் பவர் என்ற பிராண்ட் மாதிரி, வேறு பொருளோடு பிணைத்த தாமிர மருந்து வாங்கினால் கணக்கே வேறு, அதற்கு அளவு லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம். இந்த எண்ணை மயில்துத்தத்துக்கு வைத்தால் மீன் அன்றே செத்துவிடும்.

சாதாரண வெள்ளைப்புள்ளிதான் என்றால் இவ்வளவு அவசரம் இல்லை. அதே தாமிரம் கேட்கும். அல்லது மருந்தே இல்லாமல், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் காய்ந்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போகலாம், நான்கு மாற்றம் போதும். மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு விடுவதற்குள் மீன் இடம் மாறியிருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மூன்று முதல் ஏழு நாளில் புள்ளிகள் தாமாகவே மறையும், ஒட்டுண்ணி கீழே இறங்கிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த நீலப் பாட்டில் சம்பாதித்த நல்ல பெயரெல்லாம் இந்த மூன்று முதல் ஏழு நாள் கணக்கில் வந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

தீனியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மூச்சு இறங்கினால் பசி தானாக வரும். உறைந்த மைசிஸ் இறாலை வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தொடாததை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மோனியா ஏறும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும்: தனித்தொட்டி பெரிய தொட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? வலை, சிரிஞ்ச், ஈரக் கை வழியாக நோய் போவது எல்லோருக்கும் தெரியும். வெல்வெட் அதற்கு மேலே, காற்றில் பறக்கும் நீர்த்திவலையிலேயே 3 மீட்டர் வரை போகும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஏர் ஸ்டோன் போட்ட தொட்டிக்குப் பக்கத்தில் ஃபேன் வேறு ஓடுகிறதென்றால் வேறு அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் இரண்டுக்கும் மூடி போடுங்கள். ஏற்கெனவே பெரிய தொட்டியில் இந்த மீனையோ அதன் தண்ணீரையோ விட்டிருந்தால், அங்கிருக்கும் மீன்களையும் வெளியே எடுத்து 76 நாள் மீன் இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். பவளத்துக்கும் இறாலுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த ஒரு சின்ன வீடியோவும் அம்மோனியா அளவும் மூச்சு எண்ணிக்கையும் அனுப்புங்கள், எந்த நோய் என்று சேர்ந்து பார்க்கலாம்.