ஓடி வளர்ந்த இதயமும் முக்கி வளர்ந்த இதயமும்

பல வருடம் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று கேள்வி அனுப்பச் சொன்னதும் குவிந்துவிட்டன. பாதி மாத்திரை பற்றியவை. அவற்றை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தூத்தூரிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுக்கு 58 வயது, பிரஷர் உண்டு. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். தம்பி ஃபுட்பால் ஆடுகிறவன். அவனுக்கும் இதயம் கொஞ்சம் பெரிசுதானாம், ஆனால் "ஒண்ணுமில்ல, ஆடு" என்கிறார்கள். இது என்ன நியாயம் சார்?

நியாயம்தான் மக்களே. தம்பியின் இதயம் ஒன்றரை மணி நேரம் நிறைய ரத்தத்தை வாங்கி இறைக்கிறது, அப்புறம் ஓய்வெடுக்கிறது. அப்பாவின் இதயம் ராத்திரி தூங்கும்போதும் உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து முக்கிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஓடுகிறவனுக்கு ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் வாசலில் வந்து தட்டுகிறது. உள்ளே பிஐ3கே, ஏகேடி என்ற நொதிகள் ஒன்றை ஒன்று எழுப்பிவிடுகின்றன. எலிகளை நீந்தவைத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், சி/இபிபி பீட்டா என்ற புரதம் குறைவது தெரிந்தது. வளர்ச்சி மரபணுக்களுக்கு அது ஒரு தாழ்ப்பாள் மாதிரி. அது விலகியதும் செல் பெரிதாகிறது. கூடவே நுண் ரத்தக் குழாயும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன.

அப்பாவுக்கு வேறு வழி. ஆஞ்சியோடென்சின், எண்டோதீலின் போன்ற, ரத்தக் குழாயை இறுக்கும் சுரப்புகள் ஓயாமல் தூண்ட, செல்லுக்குள் கால்சியம் கணக்கு தப்புகிறது. கால்சிநியூரின் என்ற நொதி விழித்து, என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்புகிறது. வயிற்றுப் பிள்ளையாக இருந்தபோது வேலை செய்து ஓய்ந்த மரபணுக்கள் திரும்ப முழித்துக்கொள்கின்றன. செல்களுக்கு இடையில் கொலாஜன் நார் படிகிறது, சுவர் விறைக்கிறது. தம்பி வீட்டில் புது அறை கட்டிக் குழாயும் கரண்டும் இழுக்கிறார்கள். அப்பா வீட்டில் பழைய சுவரிலேயே சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கிறார்கள், அறைதான் சுருங்குகிறது.

விளையாட்டுக்காரரின் இதயம் பெரிது என்பதை 1899லேயே ஸ்வீடனில் ஹென்ஷன் என்ற மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார். எக்கோ எல்லாம் எவ்வளவோ பிற்பாடு.

ஒரு எச்சரிக்கை. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், அல்லது தம்பி ஆடும்போது மயங்கி விழுந்திருந்தால், "ஒண்ணுமில்ல" என்று விடக்கூடாது. பரம்பரையாக வரும் தடிப்பு வேறு சமாச்சாரம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன்: வெளுக்குமுன்னே தலையில லைட்டு கட்டி இறங்கினா முந்நூறு மரம். எனக்குத் தனியா வாக்கிங் வேணுமா சாரே?

வேலை நாளில் வேண்டாம். ஆனால் ஒன்று பாருங்கள்: மேட்டில் ஏறும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மரத்துக்கு மரம் நின்று நின்று போனால் பலன் குறைவு.

இதயத்திடம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் கையிருப்பு சில நொடிக்குத்தான் காணும். நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ ஏடிபியை அது உண்டாக்கி உண்டாக்கிச் செலவழிக்கிறது, அதாவது தன் எடையைப் போலப் பல மடங்கு. ஆற்றல் குறைவதை ஏஎம்பிகே என்ற நொதி மோப்பம் பிடித்து, பிஜிசி-1 ஆல்ஃபா என்ற மேஸ்திரியை எழுப்பும். மைட்டோகாண்ட்ரியா கட்டும் வேலை அவர் பொறுப்பு. இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் மேஸ்திரிக்கும் வேலை இருக்காது. அப்போது நடங்கள்.

உழைப்பும் பயிற்சிதான் என்பதற்கு லண்டன் பஸ் சாட்சி. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாடி பஸ்ஸின் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: இதயத்தில் புதிய செல் பிறக்குமா?

பிறக்கும், கஞ்சத்தனமாக. இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1963 வரை வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததில் காற்றில் கார்பன்-14 கூடியது. அது சோற்றிலும் மரக்கறியிலும் ஏறி நம் டிஎன்ஏவுக்கும் வந்தது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் எப்போது பிறந்தது என்று கணக்குப் போடலாம். ஸ்வீடனில் 2009இல் போட்ட கணக்கு: 25 வயதில் இதயத் தசைச் செல்களில் வருடத்துக்கு 1 சதவீதம் புதிது, 75 வயதில் 0.45 சதவீதம். 2018இல் எட்டு வாரம் சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குப் புதுச் செல் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. அது எலி. மனிதருக்கும் அப்படியே என்று பரீட்சையில் எழுதிவிடாதே.

தக்கலை, சைக்கிள் ஓட்டும் வியாபாரி: நாடித்துடிப்பு 50தான். பயப்படணுமா?

தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் வேண்டாம். இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பால்தான் துடிப்பு குறைகிறது என்று நானும் வருடக்கணக்கில் பாடம் நடத்தினேன். பயிற்சி கொடுத்த எலிகளில், துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவிலேயே எச்சிஎன்4 என்ற அயனி வாசல்கள் குறைந்திருப்பதை 2014இல் மான்செஸ்டர் குழு காட்டியது. என் பழைய மாணவர்கள் மன்னிக்கவும்.

கருங்கல், 67 வயது அக்கா: இனி நடந்து என்ன ஆகப்போகிறது?

பொய் சொல்ல மாட்டேன். 45 முதல் 64 வயதுக்காரர்கள் இரண்டு வருடம், வாரம் நான்கைந்து நாள் பயிற்சி செய்ததில் விறைத்த இதயம் இளகியது. 65 தாண்டித் தொடங்கியவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சியில் அந்த விறைப்பு அசையவில்லை. ஆனால் அவர்களுக்கும் மூச்சுத் திறன் நன்றாகவே கூடியது. ரத்தம் வேகமாக உரசி ஓடும்போது குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயை விரிக்கும். வயசானால் கொஞ்சம் மந்தப்பட்டாலும் அது நின்றுவிடுவதில்லை. நடங்க அக்கா.

மார்த்தாண்டம், ஐடி வேலை: வரும் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகிறேன். பயிற்சி ஏதுமில்லை, பக்தி உண்டு.

முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோவில், நூறு கிலோமீட்டர் போல வரும். பழக்கமில்லாமல் இப்படி ஓடினால், இதயச் செல்லுக்குள் இருக்க வேண்டிய ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நெஞ்சில் பாரமோ இடது கையில் வலியோ வந்தால் ஓட்டக்காரர் கையிலிருக்கும் அந்த விசிறியை மடக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏறுங்கள், வழியெல்லாம் சொல்லும் "கோவிந்தா கோபாலா"வை அங்கே சொல்லிக்கொள்ளலாம். மூன்று மாதம் முன்னாலேயே நடக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டிலிருந்து குழித்துறைப் பாலம் வரை போய்த் திரும்பினால் போதும்.