ஓவியர் வீடா, பார்க்கா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்காக மட்டக்களப்பிலிருந்து வருகிறோம். மறுநாள் பகல் முழுவதும் எங்களுக்குத்தான், இரவு பஸ். மகனுக்கு 8 வயது. மகளுக்கு 12, எந்தக் கொப்பியைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் படம் கீறியிருப்பாள். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் என்ற ஓவியரின் வீடு இருக்கிறதாமே, அதற்குப் போவதா, விகாரமகாதேவி பூங்காவுக்குப் போவதா? எங்கள் யாருக்கும் ஓவியம் விளங்காது, பிள்ளைகளுக்கு அலுத்துவிடும் என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: வீட்டுக்குப் போங்கள்.

மகள் படம் கீறுகிறாள் என்று நீங்களே எழுதிவிட்டு, எங்கள் யாருக்கும் ஓவியம் விளங்காது என்கிறீர்கள். அந்த ‘யாருக்கும்’ என்பதில் அவளையும் சேர்த்துவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் கேட்டீர்களா?

பார்க் நல்ல இடம்தான். விக்டோரியா பார்க் என்று இருந்த காலத்து நிழல் இன்னும் இருக்கிறது. மகன் களைக்கும்வரை ஓடலாம். ஆனால் அதற்கு எந்த நேரமும் போகலாம். சபுமல் பவுண்டேஷன் என்ற பெயரில் இருக்கும் அந்த வீடு கிழமையில் சில நாட்கள், அதுவும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும்.

ஹரி பீரிஸ் (1904-1988) லண்டனிலும் பாரிஸிலும் படித்து, தாகூரின் சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டு வந்தவர். ஆட்களின் முகங்களை வரைவதில் கெட்டிக்காரர். அவரை நான் மதிப்பது அதற்காக மட்டும் அல்ல. 1943இல் கொழும்பில் சில ஓவியர்கள் சேர்ந்து ‘43 குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல என்று பெரிய பெயர்கள். நம்முடைய எஸ். ஆர். கனகசபையும் அதில் ஒருவர், மகளுக்குச் சொல்லிவையுங்கள். ஹரி பீரிஸ் அந்தக் கூட்டாளிகளின் படங்களையெல்லாம் சேர்த்துத் தன் வீட்டுச் சுவர்களில் மாட்டி வைத்தார். தன்னுடையதைப் போலவே மற்றவன் வரைந்ததையும் பாதுகாக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்?

அந்தக் குழு கூடியது கில்ட்ஃபோர்ட் கிரெசன்ற்றில் இருந்த, புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற்றின் வீட்டில். வென்ற் 1944இல் இறந்துபோனார். வீடும் இன்று இல்லை, அந்த இடத்தில் அவர் பெயரில் நாடக அரங்கு நிற்கிறது. பார்ன்ஸ் பிளேஸ் வீடாவது மிஞ்சியதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மியூசியத்தில் படம் தூரத்தில் தொங்கும். இங்கே ஆள் குடியிருந்த அறைகளில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒருமுறை ஒரு முகச் சித்திரத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். தள்ளி நின்றால் கன்னம். கிட்டப் போனால் பச்சையும் மண்நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இழுபட்டிருக்கிறது, தூரிகையின் மயிர் கீறிய கோடுகூடத் தெரிகிறது. பச்சையை வைத்து எப்படித் தோல் வந்தது என்று உங்கள் மகள் கேட்பாள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்காரனுக்கு அரை மணி நேரத்தில் அலுக்கும். அலுக்கட்டுமே, அவனை முற்றத்துக்குக் கூட்டிப் போக அப்பா இருக்கிறார்.

முதல் நாளே போன் பண்ணி, திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படங்களைத் தொடவேண்டாம் என்று இரண்டு பேரிடமும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வெயில் தாழ, ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கமாக நடந்து வாருங்கள். கலையைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதிய ஒரு தமிழரின் பெயர் கொண்ட தெரு அது; நடைபாதையில் படங்களை வைத்து விற்பார்கள். அதை ஒட்டித்தான் பார்க். கச்சான் வாங்கிக்கொண்டு உட்காருங்கள், மகன் ஓடட்டும். மகளின் கொப்பியும் ஒரு பென்சிலும் கைப்பையில் இருக்கட்டும்.