"தம்பிக்கு இனி உதவமாட்டேன்" என்று அல்லாஹ்மீது சத்தியம் செய்துவிட்டேன். அதைக் காப்பாற்ற வேண்டுமா?

வேண்டாம். சத்தியத்தை முறித்து, தம்பிக்கு உதவி, பரிகாரம் கொடுங்கள். வாக்கை நிறைவேற்றச் சொல்லும் குர்ஆன்தான் (17:34), நன்மை செய்யாமலிருக்கச் சத்தியத்தைத் தடையாக்காதீர்கள் என்றும் சொல்கிறது (2:224). மகள் ஆயிஷா (ரலி) மீதான அவதூறில் பங்குகொண்ட உறவினர் மிஸ்தஹுக்கு இனிச் செலவு செய்யமாட்டேன் என்று நபித்தோழர் அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார். "அல்லாஹ் உங்களை மன்னிப்பதை விரும்பமாட்டீர்களா?" என்று 24:22 இறங்கியதும் உதவியைத் தொடர்ந்தார். எவ்வளவு பெரிய காயத்துக்குப் பிறகு!

பரிகாரம் 5:89-இல் இருக்கிறது. 10 ஏழைகளுக்கு உங்கள் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் தரத்தில் உணவு, அல்லது உடை. (அடிமையை விடுவிப்பதும் ஒரு வழி, இன்று அதற்கு இடமில்லை.) பலர் தவறுவது அடுத்த படியில்: நேராக 3 நோன்பு பிடித்துவிடுகிறார்கள். இந்த வசதி இல்லாதவருக்கு மட்டுமே நோன்பு. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அதைத் தொடர்ச்சியாக நோற்க வேண்டும்.

உணவின் அளவு மத்ஹபுக்கு மத்ஹப் மாறும். ஹனஃபியில் 10 பேருக்கு இரண்டு வேளை வயிறார உணவளித்தால் போதும். ஷாஃபிஈயில் தலைக்கு ஒரு முத்து (இரு கை சேர்த்து அள்ளும் அளவு) அரிசியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். சமைத்த சோறு கணக்கில் வராது.

பேச்சுவாக்கில் நினைக்காமல் வந்த "வல்லாஹி"க்கு (அல்லாஹ்மீது ஆணை) ஷாஃபிஈயில் பரிகாரமில்லை.