தொட்டிச் சுவரில் நுரை: அரிய தவளையின் கூடா?

கேள்வி: மாரி மழைக்குப் பிறகு எங்கள் கிணற்றடித் தொட்டிச் சுவரில் கையளவு வெள்ளை நுரை ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் மண்ணிறத் தேரை ஒன்று. இலங்கையில் மட்டும் வாழும் அரிய தவளை என்கிறான் மகன். தொட்டியைக் கழுவலாமா? – வாசகி, கோண்டாவில்

பதில்: மகன் நன்றாகத்தான் கவனித்திருக்கிறான். 'தருகா' என்ற மரத்தவளைப் பேரினத்தின் மூன்று இனங்களும் இப்படித்தான் நுரைக்கூடு கட்டும்; மூன்றும் இலங்கைக்கே உரியவை. அவற்றில் தருகா பாஸ்டிகோ இறக்குவானை மலையின் மோர்னிங்சைட் காட்டுப்பகுதியில் இருந்தே அறியப்பட்டது. அதற்குப் பெயரிட்டதே 2001இல்தான். ஈரம் வற்றாத காட்டை விட்டு அவை நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணுக்கு வருவதில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது இந்தியாவிலும் வாழும் சாதாரண மரத்தேரையாகத்தான் இருக்கும். இரவில் டோர்ச் அடித்து, அது காலை நீட்டும்போது தொடையின் பின்புறத்தைப் பாருங்கள். கருமைக்குள் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. முதுகில் உடுக்கு வடிவக் குறி இருந்தால் படம் எடுத்து வையுங்கள்; அந்த மரத்தேரை இலங்கைக்கு மட்டுமே உரியது. கையால் பிடிக்க வேண்டாம். தேரை தோலாலும் மூச்சுவிடும். கையில் ஒட்டிய சவர்க்காரமும் நுளம்புத் தைலமும் அதற்கு நஞ்சு.

அரியது இல்லையென்று கூட்டைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். பெண் தேரை தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து எழுப்பிய நுரை அது. வெளிப்புறம் காய்ந்து மஞ்சளாகத் தோல் கட்டும். உள்ளே முட்டைகள் ஈரமாகவே இருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் வாற்பேத்தைகள் கீழே நீரில் விழும். அதுவரை பொறுக்க முடிந்தால் அதுவே நல்லது.

பொறுக்க முடியாவிட்டால் வாழையிலைத் துண்டைச் சுவரோடு அணைத்து, நுரையை உடையாமல் அதில் வழித்தெடுங்கள். வாளியில் மழைநீரோ குளோரின் போடாத கிணற்று நீரோ அரைவாசிக்கு விட்டு, இலையை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே சாய்த்துக் கட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: நுரையை நேரே நீருக்குள் போட்டால் அது கரைந்து, பொரிக்காத முட்டைகள் அழுகிவிடும். வெயிலில் வைத்தால் காய்ந்து சாகும். மரநிழலில் வைத்து, நுளம்பு முட்டையிடாமல் வாளியின் வாயை நுளம்புவலையால் கட்டுங்கள். வாற்பேத்தைக்கு அவித்த கீரை ஒரு சிட்டிகை போதும்; மிஞ்சினால் நீர் நாறும். முன்னங்கால் முளைத்ததும் நீருக்குள் ஒரு தடி சாய்த்து, வலையை அவிழ்த்துவிடுங்கள்.