சட்டைப்பையில் இருந்தது ஐந்து ரூபாயா, எட்டு ரூபாயா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராசுக்கு ரயிலேறிப் போய்விட்டார். நாலு வருடம் ஹோட்டல் வேலை, பிறகு ஊர் திரும்பினார். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும். ஆனால் தாத்தாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒருமுறை ஐந்து ரூபாய் என்பார், மறுமுறை எட்டு. வைகை எக்ஸ்பிரஸில் போனதாகக்கூட ஒரு தடவை சொன்னார். பேரப்பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்க ஆசை. எங்கே தொடங்குவது? என் அத்தையும் சின்ன வயதில் வீட்டை விட்டுப் போனவர். அதையும் எழுதலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: விசேஷ வீட்டில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை உங்கள் அப்பாவுடையது. எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் “அப்புறம்?” என்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. “அந்தக் கதையைச் சொல்லுங்கப்பா” என்று கேட்டால் அதே வாக்கியங்கள்தான் அதே வரிசையில் வரும். “ஏன் ஓடினீங்க?” என்ற கேள்வி அதைவிட மோசம். அறுபது வருடம் கழித்துச் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிற்பாடு கண்டுபிடித்த காரணம்.

பொருளைக் கேளுங்கள். அன்றைக்குப் போட்டிருந்தது அரைக்கால் சட்டையா, வேட்டியா? காலில் செருப்பு இருந்ததா? கையில் மஞ்சப்பையா, வெறுங்கையா? டிக்கெட் எடுத்தாரா, வித்தவுட்டா? டி.டி.ஆர் வந்தபோது எங்கே ஒளிந்தார்? இறங்கியதும் முதலில் என்ன சாப்பிட்டார், யார் காசில்? ஹோட்டலில் முதல் வேலை டேபிள் துடைப்பதா, மாவாட்டுவதா? ராத்திரி எங்கே படுத்தார், விரித்துப் படுக்க என்ன கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டால் அவர் யோசிப்பார். அந்த யோசனைக்குப் பிறகு வருவதுதான் விசேஷ வீட்டில் யாரும் கேட்டிராத பகுதி.

ஒரு அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் போனை வையுங்கள். மின்விசிறியைக் குறையுங்கள். குக்கர் விசில் அடங்கிய பிறகு தொடங்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால் அன்றன்றைக்கே எழுதிவிடுவது நல்லது. அவர் “பட்டணம்” என்றால் அதைச் “சென்னை” என்று திருத்தாதீர்கள். பதிவைத் தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

அவரையும் அவர் உடன்பிறந்தவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். மூத்தவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மூன்று நினைவுகள் ஒன்றாகிவிடும். தனித்தனியாகக் கேட்டுவிட்டு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது வருடம். வயதை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிய பிறந்த தேதி வாத்தியார் வைத்தது: கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. “பதிமூணு வயசுல” என்பது பதினொன்றாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். அதனால் ஊரறிந்த நிகழ்ச்சிகளை இரண்டு பக்கமும் வேலியாக வையுங்கள். சீனாக்காரன் சண்டையின்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாரா? அது 1962 அக்டோபர், நவம்பர். நேரு இறந்த செய்தியை எங்கே கேட்டார்? அது 1964 மே 27. முன்னதை வகுப்பறையிலும் பின்னதை ஹோட்டலிலும் கேட்டிருந்தால், ஓடியது இந்த ஒன்றரை வருடத்துக்குள் என்று அடைத்துவிடலாம். பிறகு குளிரா, மழையா, மாங்காய்க் காலமா என்று கேட்டால் மாதம் வரை நெருங்கலாம்.

நம்பக்கூடாத தடயங்களும் உண்டு. 1957 ஏப்ரலில் நூறு பைசா கணக்கு வந்துவிட்டது. ஆனாலும் 25 பைசாவை நம் ஆட்கள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் “நாலணா” என்றே சொன்னார்கள். ஆகவே அந்தச் சொல்லை வைத்துக் காலம் கணிக்க முடியாது. சினிமாவும் அப்படித்தான். படம் வெளியான வருடம் எளிதில் கிடைக்கும், ஆனால் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர மாதங்களோ வருடங்களோ ஆகியிருக்கும்.

வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 1977-இல். அப்பா பொய் சொல்லவில்லை. பிற்காலத்தில் பலமுறை போய்வந்த ரயில் அந்த முதல் பயணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் ஓடிய காலத்தில் திண்டுக்கல் வழியாகப் போனது மீட்டர் கேஜ் பாதை, நீராவி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். மூன்றாம் வகுப்பு என்று தனியாகவே இருந்தது, 1974-இல்தான் எடுத்தார்கள். இறங்கியது எழும்பூரில். பட்டணத்துக்கு ஓடிவரும் பையனை எழுதும் பலர், பார்த்த சினிமாக்களின் பழக்கத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறார்கள். தெற்கிலிருந்து வந்தவன் அங்கே இறங்கியிருக்க மாட்டான்.

தாள் ஆதாரம் ஒன்றாவது தேடுங்கள். அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், நெடுநாள் வராததால் பெயர் நீக்கிய தேதி இருக்கலாம். தலைமையாசிரியருக்கு அப்பாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். ஹோட்டலிலிருந்து வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியிருந்தால், பணம் வாங்கியவருக்கு அந்தக் காலத்தில் கிழித்துக் கொடுத்த அடித்துண்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும், தபால் முத்திரையும் இருக்கும். டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரங்களோடு அது கிடந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஊர் பெயர் சொல்லும் முத்திரை, தேதி, பதின்மூன்று வயதுக் கையெழுத்து மூன்றும் ஒரே துண்டில் கிடைத்துவிடும்.

இந்தக் கதையில் பாதியை உங்கள் அப்பா பார்க்கவே இல்லை. அவர் போன பிறகு வீட்டில் நடந்தது அது. கிணற்றில் தேடினார்களா? வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார்களா, குறி சொன்னவர் எந்தத் திசை என்றார்? குலதெய்வத்துக்கு என்ன நேர்ந்துகொண்டார்கள்? திரும்பி வந்ததும் மொட்டையோ கிடாவெட்டோ நடந்திருந்தால் அதற்கு வந்த உறவுக்காரர்களுக்கு வருடம் நினைவிருக்கும். “காணவில்லை” விளம்பரம் கொடுத்தார்களா? பாட்டி யார் வீட்டுக்கெல்லாம் நடந்தார்? பெரியவர்களில் இன்னும் இருப்பவர்களிடம் முதலில் போங்கள். அப்பாவின் பேட்டி அடுத்த மாதம்கூட ஆகலாம், தொண்ணூறு வயதுச் சின்னப்பாட்டி காத்திருக்க மாட்டார்.

எழுதும்போது ஐந்தா, எட்டா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “அப்பா ஐந்து என்பார்; சில சமயம் எட்டு. சித்தப்பா கணக்கில் பத்து, அதுவும் தாத்தாவுடையது அல்ல, பால்காரருக்கு வைத்திருந்த பணம்.” இப்படி ஒரு வரி அமைந்தால், ஒரு குடும்பமே எழுந்து நின்று பேசும். தெரியாத இடத்தை உரையாடல் இட்டு நிரப்பாதீர்கள். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் பேசியது அப்பாவுக்கு நினைவில்லை என்றால், “நினைவில்லை” என்றே எழுதுங்கள். முதல் வரைவு 1,500 சொற்கள் போதும். கதவைத் தாண்டிய நிமிடத்தில் தொடங்குங்கள். வம்சவரலாறு தானாக இடையில் வந்துகொள்ளும்.

தாத்தா அடித்ததால் ஓடினார் என்று தெரிய வந்தால் மழுப்பாதீர்கள், கூட்டவும் வேண்டாம். எதால் அடித்தார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் தடுத்தார் என்று நடந்ததை மட்டும் எழுதினால் போதும். “கொடுமைக்காரர்” என்ற சொல்லே தேவைப்படாது.

அத்தை விஷயம் வேறு. “ஓடிப்போனான்” என்றால் நம் வீடுகளில் சாகசம், “ஓடிப்போனாள்” என்றால் பழி. காதலனோடு போனாரா, கல்யாணத்துக்குப் பயந்து போனாரா, படிக்கப் போனாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கும். அவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேளுங்கள், அண்ணனிடம் அல்ல. “வேண்டாம்” என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அப்பாவின் கதைக்குள் ஒரு பத்தியாகக்கூட நுழைக்காதீர்கள். சம்மதித்தால் தனிக் கட்டுரையாக, அவர் சொல்லும் வினைச்சொல்லிலேயே எழுதுங்கள்: “கிளம்பினேன்” என்பாரோ, “வந்துட்டேன்” என்பாரோ. அவர் இல்லையென்றால் முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகள்.

வரைவு முடிந்ததும் 16 புள்ளி எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, இடப்பக்கம் மூன்று விரல் அகலம் இடம் விட்டு அப்பாவிடம் கொடுங்கள், கூடவே ஒரு பேனாவும். அவர் ஓரத்தில் எழுதுவதை உள்ளே சேர்த்துவிட்டு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மணியார்டர் துண்டு கிடைத்திருந்தால் இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள்.