போர் தண்ணீரில் ஆர்செனிக்: பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லையே?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரைச் சோதித்ததில் ஆர்செனிக் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. பத்து வருடமாக இதைத்தான் குடிக்கிறோம், நெல்லுக்கும் மாட்டுக்கும் இதே தண்ணீர்தான். புற்றுநோய் வரும் என்கிறார்கள், ஆனால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது உடம்புக்குள் என்னதான் செய்கிறது? நெல்லை விட்டுவிட வேண்டுமா?

பதில்: நெல்லைப் பிறகு பார்ப்போம். இன்றே அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 மைக்ரோகிராம்; உங்களுடையது ஏழு மடங்கு. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பூச்சிமருந்து குடித்தவர் போல இதில் உடனே யாரும் விழமாட்டார்கள். ஆர்செனிக் நேராகப் போய் டி.என்.ஏ.வை வெட்டுவதைவிட, அதைப் பழுது பார்க்கும் ஆட்களை முடக்குவதுதான் அதிகம். நம் செல்களில் டி.என்.ஏ. தினமும் அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யும் புரதங்கள் சிலவற்றின் நடுவே ஒரு ஜிங்க் அணு உட்கார்ந்திருக்கும். கந்தகம் உள்ள மூன்று நான்கு பிடிகள் அதைப் பிடித்து, புரதத்தை விரல் போல மடக்கி வைத்திருக்கும். ஆர்செனிக்குக்குக் கந்தகம் என்றால் தனி ஒட்டுதல். ஜிங்க்கைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். விரலின் வடிவம் கெட்டதும் புரதம் வேலை செய்யாது. (உடனே ஜிங்க் மாத்திரை தேடி ஓடவேண்டாம், அது இதற்கு மருந்தல்ல.)

அதே நேரத்தில் செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கூடி, டி.என்.ஏ.வில் புதுக் காயங்களை உண்டாக்கும். கொத்தனார் வராத வீட்டில் விரிசல் மட்டும் கூடிக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி. கல்லீரல் மீத்தைல் தொகுதிகளை (கார்பன் உள்ள சிறு மூலக்கூறுத் துண்டுகள்) ஒட்டி ஆர்செனிக்கைச் சிறுநீரில் தள்ளப் பார்க்கும். ஆனால் நடுவில் உருவாகும் ஒரு வடிவம் மூலப்பொருளைவிட நச்சு. எந்த மரபணு திறக்கவேண்டும், எது மூடியிருக்கவேண்டும் என்று குறிக்கவும் செல்லுக்கு அதே மீத்தைல்தான் வேண்டும். அந்தக் குறிகளும் குழம்பும்.

இப்படிச் சேர்ந்த பிழைகள் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பையில் கட்டியாக மாறப் பல வருடம் பிடிக்கும். சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்செனிக் மிக அதிகமாக இருந்தது. சுத்திகரிப்பு வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் அங்கே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் கூடுதலாகவே இருந்தன. அதனால் பத்து வருடம் நன்றாக இருந்ததை வைத்துத் தைரியம் கொள்ளாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் கெட்டியான சிறு முண்டுகள், நெஞ்சில் மழைத்துளி தெறித்தது போன்ற புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் தண்ணீர் அறிக்கையையும் காட்டுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

சரி, நெல். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணில் காற்று இருக்காது. இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக் அவிழ்ந்து கரையும், சிலிக்கா ஏறும் அதே வாசல் வழியாக வேருக்குள் நுழையும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அரிசியில் ஏறுவது குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். நெல்லை விடவேண்டியதில்லை, ஆனால் மண்ணையும் அரிசியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வைக்கோலில் அரிசியைவிட அதிகம் தங்கும். மாட்டுக்கு அந்தத் தண்ணீரும் அந்த வைக்கோலும் சேர்ந்து போகவேண்டாம், முதலில் தண்ணீரை மாற்றுங்கள். பாலில் இறங்குவது கொஞ்சம்தான். பெரும்பகுதி சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறி, எருவாகத் திரும்ப உங்கள் வயலுக்கே வந்துவிடும்.